வன்னியில் குடும்பத்துக்கு ஒரு செடான்: எந்த ஆண்டு மொடல், எவ்வளவு பழசு வரை போகலாம்

குடும்பத்துக்கு ஒரு செடான் என்றதும் பேச்சு ஆண்டில்தான் தொடங்கும். "2012 ஒன்று பார்த்தனான், இன்னும் கொஞ்சம் போட்டால் 2015 வருது, அதுக்கு மேலே லீசிங் போட்டால் அன்ரெஜிஸ்டரே (இங்கே இன்னும் பதியாத காரே) எடுக்கலாம்" என்று படி படியாக ஏறி, கையிருப்புக்கு மிஞ்சின இடத்தில் போய் நிற்பார்கள். ஆண்டுக்கு ஆண்டு விலை ஏறுவது போலத் தரமும் ஏறும் என்ற நினைப்புத்தான் காரணம். ஒரே ஷேப்புக்குள், அதாவது ஒரு மொடலின் ஒரே தலைமுறைக்குள், இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசம் பெரும்பாலும் விலையில் மட்டும்தான் இருக்கும். ஷேப் மாறிய ஆண்டு, என்ஜினோ கியர்பொக்ஸோ மாறிய ஆண்டு, ஏர்பேக் சிக்கல் தீர்ந்த ஆண்டு ஆகியவற்றைத் தாண்டுவதற்குக் காசு கொடுக்கலாம். மற்றபடி அந்தக் கார் எந்த றோட்டில் ஓடியது, அதற்கு என்ன ஒயில் ஊற்றினார்கள், மழைக்கு எங்கே நின்றது என்பவைதான் முக்கியம். ஏ9 நெடுஞ்சாலையில் காப்பெற் றோட்டு வழுக்கிக்கொண்டு போகும். வீட்டுக்குத் திரும்பும் கடைசி நாலு கிலோமீற்றர் கிரவல். வன்னியில் காரைத் தின்பது அந்த நாலு கிலோமீற்றர்தான்.

ஒரு காருக்கு மூன்று ஆண்டு

விற்பவர் "2017" என்றால் எந்த 2017 என்று கேளுங்கள். ஜப்பானியக் காருக்குத் தயாரித்த ஆண்டு ஒன்று, ஜப்பானில் முதலில் பதிந்த ஆண்டு இன்னொன்று, இலங்கையில் பதிந்த ஆண்டு மூன்றாவது. 2014 இல் செய்த கார் அங்கே இரண்டு மூன்று ஆண்டு ஓடி, 2017 இல் இங்கே பதிவாகியிருக்கும். விளம்பரத்தில் 2017 என்றுதான் வரும். நம்பர் தகடும் இங்கே பதிந்த காலத்தை மட்டுமே காட்டும். கே என்று தொடங்கும் இரண்டெழுத்துத் தகட்டுக்குப் பிறகு வந்தது சி என்று தொடங்கும் மூன்றெழுத்துத் தகடு. தகடு புதுசு என்பதால் கார் புதுசு ஆகாது.

வாகனப் புக்கில், அதாவது பதிவுச் சான்றிதழில், தயாரித்த ஆண்டும் முதல் பதிவுத் திகதியும் தனித்தனியாக இருக்கும். அதோடு நிற்காமல் காரிலும் பாருங்கள். சீற் பெல்ற்றைக் கடைசி வரை இழுத்தால் அடியில் ஒரு துணிச் சீட்டு தைத்திருக்கும், அதில் தயாரித்த ஆண்டு அச்சிட்டிருக்கும். நாலு பெல்ற்றிலும் பார்க்க வேண்டும். மூன்றில் 2014 உம் ஒன்றில் 2018 உம் என்றால் அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. கண்ணாடிகளின் மூலையில் உள்ள கம்பனி முத்திரையும் அப்படித்தான், எல்லாம் ஒரே கம்பனி, ஒரே மாதிரி என்றால் மாற்றவில்லை. ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம். மீற்றர் 35,000 கிலோமீற்றர் என்று காட்டும் காருக்கு மூன்றாவது செற் ரயர் ஏன் என்று கேட்க வேண்டி வரும்.

2020 இல் விழுந்த இடைவெளி

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இந்த ஐந்து ஆண்டுக்குள் இறக்கி இங்கே ஓடிய கார்கள் உள்நாட்டுச் சந்தையில் கிட்டத்தட்ட இல்லை. இங்கே ஓடிய கார் என்று தேடினால் 2018, 2019 உடன் முடிந்துவிடும். அதற்கு அடுத்த படி, 2025 பெப்ரவரிக்குப் பிறகு கப்பலில் வந்து இறங்கியவை. நடுவில் படி இல்லை. "கொஞ்சம் கூடப் போட்டால்" என்ற கதை இங்கே உடைகிறது. அந்தக் கொஞ்சம் பல லட்சம் பாய்ச்சலாக இருக்கும்.

புதுசு என்ற சொல்லுக்குள்ளேயே இரண்டு வகை உண்டு. ஏஜென்ட் கொண்டுவந்து விற்கும் ஓடாத கார் ஒன்று. ஜப்பானில் ஓடி, இங்கே இன்னும் பதியாத ரீகண்டிஷன் கார் மற்றது, இதைத்தான் அன்ரெஜிஸ்டர் என்கிறோம். முதலாவதற்கு உத்தரவாதம் உண்டு. ஆனால் அது நிலைக்க வேண்டுமென்றால் ஏஜென்டின் சேர்விஸ் நிலையத்தில் சொன்ன கிலோமீற்றருக்குச் சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். நீங்கள் வாங்கும் மொடலுக்கு அந்த நிலையம் வவுனியாவில் இருக்கிறதா, யாழ்ப்பாணத்திலா, கொழும்பிலா என்று முற்பணம் கட்ட முன் கேளுங்கள். புதுக்குடியிருப்பிலிருந்து ஒவ்வொரு சேர்விஸுக்கும் கொழும்புக்கு ஓட முடியாதென்றால் உத்தரவாதத்துக்குக் கொடுத்த காசு வீண்.

இறக்குமதி வரி என்ஜினின் கொள்ளளவைப் பார்த்து ஏறும், பிறகு 18 வீத வற் (பெறுமதி சேர் வரி), விலை உயர்ந்தால் ஆடம்பர வரி. அதனால் அன்ரெஜிஸ்டர் காரின் விலையில் பெரும்பகுதி உலோகத்துக்கு அல்ல, வரிக்குப் போகிறது. வரி கூடினால் பழைய காரின் விலையும் கூடவே ஏறும், குறைந்தால் அதுவும் இறங்கும். வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்னால் அவசரப்பட்டுக் கை நீட்டாமல் இருப்பது நல்லது.

இன்னொன்று, எல்லா மொடலும் புதுசாகக் கிடைக்காது. டொயோட்டாவின் அலியனும் பிரிமியோவும் 2021 மார்ச்சுடன் ஜப்பானில் நின்றுவிட்டன. ஹொண்டா கிரேஸ் 2020 இல் நின்றது. அலியன்தான் வேண்டும் என்பவருக்குப் புதுசா பழசா என்ற கேள்வியே இல்லை. எந்தப் பழசு என்பதுதான்.

எந்த ஆண்டில் உண்மையாக என்ன மாறியது

டொயோட்டா 121 கொரோலா, 2000 முதல் 2006 வரை. எளிமையான கார். கிளிநொச்சியிலோ பரந்தனிலோ எந்தக் கராஜிலும் கழற்றிப் பூட்டுவார்கள், பாட்ஸ் தாராளம். ஆனால் ரப்பர், வயரிங், ஏசிக் குழாய் எல்லாம் இருபது வயது தாண்டியவை. குறைந்த காசில் ஒரு கார் என்றால் சரி, மாதத்துக்கு ஒரு நாள் கராஜுக்கு என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும்.

அதற்கு அடுத்த ஷேப்பான 141 அக்சியோ 2006 அக்டோபரில் வந்தது, 260 அலியன் 2007 இல். இரண்டிலும் 1500 சிசி மொடலுக்கு 1என்.இசட் என்ஜின். ரைமிங் பெல்ற் அல்ல, செயின். ஒயில் ஒழுங்காக மாற்றினால் நீண்ட காலம் ஓடும். கியர்பொக்ஸ் சி.வி.டி., அதாவது தனித்தனிக் கியர் இல்லாத ஓட்டோ. பழசில் காசு தின்னுவது என்ஜின் அல்ல, இந்தக் கியர்பொக்ஸ்தான். அதனால் ஒரு 2009 அலியனுக்கும் 2013 அலியனுக்கும் இடையே யோசித்தால், எதில் சி.வி.டி. ஒயில் மாற்றிய பில் இருக்கிறதோ அதை எடுங்கள். 2010 இலும் 2016 இலும் அலியனின் முகம் மாறியது. 2016 இல் வந்த மாற்றம் கண்ணுக்கு அழகு, ஆனால் முன் விளக்கு ஒன்று உடைந்தால் பழைய முகத்துக்குக் கிடைப்பது போலப் பழைய பாட்ஸ் கடையில் சுலபமாகக் கிடைக்காது.

அக்சியோவில் உண்மையான படி 2012 மே. ஷேப் புதுசு. 2013 ஓகஸ்டில் ஹைபிரிட் வந்தது. 2015 ஏப்ரலில் முகம் மாறி, சில தரங்களில் முன்னால் வரும் வாகனத்தைக் கண்டு தானே பிரேக் போடும் ஏற்பாடும் வந்தது. இது கமராவும் லேசரும் கொண்டு வேலை செய்வது, முன்கண்ணாடியின் மேல்பகுதியில் உள்கண்ணாடிக்குப் பக்கத்தில் பொருத்தியிருக்கும். இதற்காக 2015 க்குப் போக வேண்டுமா என்றால், வன்னி றோட்டுக்கு அவசியமில்லை. அது தேடுவது முன்னால் போகும் வாகனத்தை. இரவில் பட்டி மாடு குறுக்கே வந்தால் கண்டுபிடித்து நிற்கும் என்று நம்பக்கூடாது. லேன் விலகினால் எச்சரிப்பதற்கு றோட்டில் கோடு வேண்டும். அதோடு கிரவல் ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் போகும்போது கல்லடித்து முன்கண்ணாடி மாற்ற நேர்ந்தால், கமராவைத் திரும்ப அளவு பிடித்துச் சரிசெய்ய வேண்டும், அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை.

கிரேஸ் 2014 டிசம்பரில் வந்த ஹைபிரிட். ஏழு கியர், உலர்ந்த இரட்டைக் கிளச். ஓட நன்றாக இருக்கும். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஓடினால் இந்தக் கிளச் சூடாகித் தேயும். கொழும்பில் பள்ளிக்கூட ஓட்டம் ஓடிய கிரேஸைக் குறைந்த கிலோமீற்றர் என்று மகிழ்ந்து வாங்காதீர்கள். ஏற்றத்தில் நிறுத்தி மெல்ல எடுக்கும்போது துடித்தால், ரிவேர்ஸில் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

ஏர்பேக் விஷயத்தில் மட்டும் ஆண்டு உயிர்ப் பிரச்சினை. 2000 களின் தொடக்கம் முதல் 2010 களின் நடுப்பகுதி வரை வந்த பல ஜப்பானியக் கார்களில், கொரோலாவும் சேர்த்து, டகாடா கம்பனியின் ஏர்பேக் இருந்தது. உள்ளே இருக்கும் அமோனியம் நைட்ரேட் மருந்து வெக்கையிலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கெட்டு, ஏர்பேக் வெடிக்கும்போது உலோகத் துண்டுகள் முகத்தில் பாயும். உலகம் முழுக்கத் திருப்பி அழைத்து மாற்றினார்கள். வன்னி வெக்கையும் மாரி ஈரமும் இதற்கு மிக மோசமான சேர்க்கை. இந்தக் காலத்துக் கார் எதுவானாலும் சேசி நம்பரைக் குறித்துக்கொண்டு, ஏர்பேக் மாற்றியிருக்கிறதா என்று ஏஜென்டிடம் கேட்டு உறுதி செய்த பிறகே விலை பேசுங்கள்.

பெற்றோலா ஹைபிரிட்டா

ஹைபிரிட்டின் லாபம் பிரேக் பிடித்துப் பிடித்து ஓடும் நகரத்தில்தான் அதிகம். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஒரே வேகத்தில் ஓடும்போது வித்தியாசம் சுருங்கும். அப்படியும் ஒரு கணக்குப் போடலாம். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு லீற்றருக்கு 20 ஓடும் ஹைபிரிட் 50 லீற்றர் குடிக்கும், 12 ஓடும் பெற்றோல் கார் 83 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தால் மாதம் 10,000 ரூபாய், ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் மிச்சம். மாதம் 400 கிலோமீற்றர்தான் ஓட்டம் என்றால் ஆண்டுக்கு 48,000. பற்றரி மாற்றும் செலவை இன்றைய விலைக்கு விசாரித்து, இந்த மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள், எத்தனை ஆண்டில் அடைபடும் என்று தெரியும். கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும் எடுக்கும் காருக்கு ஹைபிரிட் தேவையில்லை. நாட்கணக்கில் சும்மா நிற்பதும் பற்றரிக்கு நல்லதல்ல.

அக்சியோ ஹைபிரிட்டின் பெரிய பற்றரி பின்சீற்றுக்கு அடியில். 7.2 வோல்ட் துண்டுகள் இருபது, மொத்தம் 144 வோல்ட். அதைக் குளிர்விக்கப் பின்சீற்றுப் பக்கத்தில் ஒரு காற்றுத் துவாரம், உள்ளே சிறிய விசிறி. கிரவல் தூசி ஜன்னலால் வந்து படிவது இதில்தான். துவாரம் அடைத்தால் காற்றுக் குறையும், பற்றரி சூடாகும், ஒரு துண்டு முதலில் சாகும். டாஷ்போர்ட்டில் எச்சரிக்கை வருமுன்பே விசிறி இரைந்து சத்தம் போடத் தொடங்கிவிடும். பார்க்கப் போகும் காரில் பின்சீற்றில் இருந்து இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். துவாரத்தின் மூடியைக் கழற்றி விரலால் தடவினால் சிவப்பாக வருகிறதா என்று பாருங்கள். வாங்கினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விசிறியைக் கழற்றித் தூரிகையால் துடைக்க வேண்டும்.

வாங்க முன் ஸ்கான் கருவி உள்ள ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஓடும்போதும், அக்சிலேற்றரை முழுதாக அமத்தும்போதும், பிரேக் பிடிக்கும்போதும் பற்றரியின் ஒவ்வொரு பிரிவின் வோல்ட்டும் வரும். எல்லாம் ஒட்டி ஒட்டி நகர வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்து எழுந்தால் அது களைத்த துண்டு. "ஒரு துண்டுதானே, மாற்றிவிடலாம்" என்பார்கள். மாற்றலாம். பழைய பத்தொன்பதுக்கு நடுவில் புது ஒன்றை வைத்தால் சில மாதத்தில் அடுத்தது களைக்கும்.

காரைப் பார்க்கும் நாள்

காலையில் போங்கள், என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே சொல்லி, நீங்கள் வரும் வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று கேளுங்கள். போனதும் பொனற்றைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். 1என்.இசட் என்ஜின் முதல் சில விநாடி கடகடத்தால் செயின் அல்லது ஒயில் பிரச்சினை. பின்குழாயில் நீலப் புகை ஒயில் எரிவது. வெள்ளைப் புகை தொடர்ந்து வந்து, கூலன்ற் ராங்கியும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கஸ்கற்.

கூலன்ற் ராங்கியைத் திறந்து நிறம் பாருங்கள். சிவப்போ இளஞ்சிவப்போ பச்சையோ தெளிவாக இருக்க வேண்டும். மண்நிறம் என்றால் கிணற்றுத் தண்ணி ஊற்றியிருக்கிறார்கள். எங்கள் பக்கத் தண்ணியில் சுண்ணாம்பு அதிகம், கேத்திலில் படிவது போல ரேடியேட்டரின் உள்ளேயும் படிந்து வழியை அடைக்கும். வெளியே பளபளக்கும் காரில் உள்ளே மண்நிறத் தண்ணி என்றால் ரேடியேட்டர், தெர்மோஸ்டற், தண்ணிப் பம்ப் மூன்றையும் விலையில் குறையுங்கள். ஹைபிரிட்டில் இன்வேர்ட்டருக்குத் தனியாக இன்னொரு கூலன்ற் ராங்கி உண்டு, அதையும் பார்க்க மறக்க வேண்டாம்.

சி.வி.டி.க்குச் சோதனை சுலபம். பிரேக்கை மிதித்துக்கொண்டு பார்க்கிலிருந்து டிரைவுக்கும் ரிவேர்ஸுக்கும் மாற்றுங்கள். இரண்டு விநாடிக்கு மேல் தயங்கக்கூடாது. பிறகு மெல்ல அமத்தி 20 முதல் 40 கிலோமீற்றர் வேகத்துக்குள் கார் நடுங்குகிறதா என்று உணருங்கள். நடுக்கமும் ஊளைச் சத்தமும் சேர்ந்தால் ஒயில் மாற்றினால் சரியாகும் என்ற பேச்சை நம்பாதீர்கள்.

ஓட்டத்துக்கு இரண்டு றோட்டு வேண்டும். காப்பெற் றோட்டில் 70 இல் ஸ்ரேறிங்கைத் தளர்த்திப் பிடித்து, ஒரு பக்கம் இழுக்கிறதா, வீல் பெயாரிங் இரைகிறதா என்று கேளுங்கள். பெயாரிங் சத்தம் வேகத்தோடு ஏறும், வளைவில் ஒரு பக்கம் கூடும். அடுத்து ஒரு கிரவல் றோட்டில் ஜன்னலை இறக்கி, ஏசியையும் ரேடியோவையும் நிறுத்தி 25 இல் ஒரு கிலோமீற்றர். டக் டக் என்று இலேசாக அடித்தால் ஸ்ரபிலைசர் லிங், அது சின்னச் செலவு. கனமாக இடித்தால் லோவர் ஆம் புஷ் அல்லது சொக் அப்சோபர் மேல் மவுன்ற். ஸ்ரேறிங்கில் உதறல் தெரிந்தால் ரக் எண்ட். கிரவலில் ஓடிய காரில் இவை தேய்ந்திருப்பது இயல்பு, அதற்காகக் காரை ஒதுக்க வேண்டாம். முழுச் செற்றையும் மாற்றும் விலையை உங்கள் கராஜில் கேட்டு வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

பிறகு சேர்விஸ் நிலையத்தில் தூக்கி அடியைப் பாருங்கள். இதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டியதில்லை. பிளாஸ்ரிக் அடிமூடி இருக்கிறதா? கிரவலில் கிளிப் விழுந்து, பிறகு மூடியே கழன்று, பலர் திருப்பிப் பூட்டுவதில்லை. அது இல்லாவிட்டால் சேறும் கல்லும் நேரே பெல்ற்றிலும் ஏசிக் கம்பிரசரிலும் அடிக்கும். ஒயில் சம்பில் நசுங்கிய அடையாளம் இருக்கிறதா? நெல் காயப்போடும் காலத்தில் றோட்டில் கிடக்கும் வைக்கல் அடியில் சுற்றிக்கொள்ளும், சைலன்சர்ச் சூட்டில் அது பற்றிக்கொண்டதும் உண்டு, கருகிய வயர் தெரிகிறதா என்று பாருங்கள். சிலர் கார் இடிக்கிறது என்று ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் வைத்து உயர்த்தியிருப்பார்கள். உயர்த்தினால் டிரைவ் ஷாஃப்டின் கோணம் கூடி ஜொயின்ற் சீக்கிரம் தேயும், ஸ்ரேறிங்கை முழுக்க ஒடித்து ஓட்டும்போது கடக் கடக் என்று அடிக்கும். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரம் நின்ற கார் என்றால் உப்புக் காற்றுத் துருவை பிரேக் குழாயிலும் பின் அச்சிலும் தேடுங்கள். மேலே பெயின்ற் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

"கொழும்பு வண்டி, கிலோமீற்றர் குறைவு" என்பது எங்கள் பக்கத்தில் பெரிய சிபாரிசு. கணக்குப் பாருங்கள். 40,000 கிலோமீற்றரைச் சராசரி 20 வேகத்தில் நெரிசலில் ஓடினால் என்ஜின் 2,000 மணித்தியாலம் ஓடியிருக்கிறது. ஏ9 இல் சராசரி 55 இல் ஓடினால் சுமார் 730 மணித்தியாலம். மீற்றரில் இரண்டும் ஒன்று. ஏ9 காரில் புஷ்ஷும் சொக்கும் போயிருக்கும், நெரிசல் காரில் கியர்பொக்ஸ், பிரேக், ஏசி போயிருக்கும். மாற்றச் சுலபமானதும் மலிவானதும் முதலாவது. மீற்றரைக் குறைப்பதும் நடக்கிறது. பிரேக் பெடல் ரப்பர் வழவழப்பாகி, ஸ்ரேறிங்கின் மேல் தோல் பளபளத்து, சாரதி சீற்றின் கதவுப் பக்கம் அமுங்கிப்போன காரில் 45,000 என்றால் சிரித்துவிட்டு வரலாம்.

வெள்ளம் குடித்த கார்

2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணிக்குள் நின்றன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் தீவின் பல பகுதிகளை மூழ்கடித்தது. அந்த வெள்ளங்களில் நின்ற கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு எங்காவது விற்பனைக்கு வரும், தெற்கில் மூழ்கியது வடக்குக்கும் வரும். சீற் பெல்ற்றை முழுதாக இழுத்தால் அடிப்பகுதித் துணியில் மண்நிறக் கோடு தெரியும், அதை யாரும் கழுவுவதில்லை. சீற் ஓடும் தண்டவாளத்தில் துரு, டிக்கியில் மேலதிக ரயர் வைக்கும் குழியின் மூலைகளில் வண்டல், முன் விளக்குக்குள் தண்ணிக் கோடு. கார்ப்பெற்றின் ஒரு மூலையைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை மணந்து பாருங்கள். புது வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் இரண்டு தரம் மணந்து பாருங்கள். பெற்றோல் கார் என்றால், விலை மிகக் குறைவென்றால், தண்ணி சீற் வரை ஏறவில்லையென்றால் யோசிக்கலாம். ஹைபிரிட் என்றால் யோசிக்கவே வேண்டாம். பற்றரி இருப்பது சீற்றுக்கு அடியில்.

மாரி முடிந்த கையோடு கார் பார்க்கப் போவதில் ஒரு வசதி உண்டு, ஒழுக்கும் ஈரமும் அப்போது மறையாது. ஆனால் காலபோக அறுவடைக் காசு புழங்கும் பெப்ரவரி, மார்ச்சில் விலையும் இறுகியிருக்கும்.

அன்ரெஜிஸ்டர் என்றால்

ஏலத் தாளை, அதாவது ஜப்பானில் ஏலம் விடும்போது காரைச் சோதித்து எழுதிய தாளை, கேளுங்கள், சேசி நம்பரை வைத்து அது உண்மையா என்று தனியாகச் சரிபாருங்கள். தரம் 4, 4.5 நல்லவை. 3.5 பரவாயில்லை. ஆர், ஆர்ஏ என்றால் அடிபட்டுத் திருத்தியது. காரின் படத்தில் ஏ1, ஏ2 என்பது கீறல், யூ என்பது பள்ளம், டபிள்யூ என்பது பெயின்ற் அல்லது டிங்கரிங் வேலை, எஸ் துரு, எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தப் பாகத்தையே மாற்றியிருக்கிறார்கள். எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள இலக்கம் கூடக் கூடப் பாதிப்புக் கூடும். கிலோமீற்றர் அந்தத் தாளிலும் இருக்கும். கப்பலில் ஏறும்போது இருந்ததை விடக் கடையில் குறைந்திருந்தால் வெளியே வாருங்கள்.

காசு

ஒரே ஷேப்பில் 2013 க்கும் 2016 க்கும் 15 லட்சம் வித்தியாசம், அந்த 15 லட்சத்தை லீசிங்கில் போடுகிறீர்கள் என்று உதாரணத்துக்கு வையுங்கள். ஆண்டுக்கு 14 வீதம், 5 ஆண்டு என்றால் மாதம் சுமார் 34,900 ரூபாய். முடிவில் வட்டி மட்டும் 5 லட்சத்து 90 ஆயிரத்துக்கு மேல். அதே 2013 காரை வாங்கி, வட்டிக்குப் போகும் காசுக்குள் நாலு ரயர், நாலு சொக், புஷ் செற், கூலன்ற், கியர்பொக்ஸ் ஒயில் எல்லாம் மாற்றி மிச்சமும் வைக்கலாம். லீசிங்கில் எவ்வளவு பங்கு தருவார்கள் என்பதற்கு மத்திய வங்கி உச்சவரம்பு வைக்கும், அது பதியாத காருக்கு ஒன்று, பதிந்த காருக்கு ஒன்று, அடிக்கடி மாறும். மாதச் சம்பளம் இல்லாமல் போகத்துக்குப் போகம் காசு பார்ப்பவர்கள், தவணையை அறுவடைக்கு ஏற்ப அமைத்துத் தருவார்களா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். பிந்திய தவணைக்கான தண்டம் எழுத்தில் எவ்வளவு என்பதையும்.

ஷேப் மாறும் எல்லையில் மட்டும் கடன் படலாம். பழைய 121 ஐ விட்டு 2012 க்குப் பிந்திய அக்சியோவுக்கு ஏறுவது காசுக்குத் தகும்.

புக்

வாகனப் புக்கின் மூலப் பிரதியைக் கையில் வாங்கிப் பாருங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதம் வரும் வரை முழுக்காசு கொடுக்கக்கூடாது. சேசி நம்பரும் என்ஜின் நம்பரும் காரில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். வாகன வருமான அனுமதிப் பத்திரமும் புகைச் சான்றிதழும் நிலுவையில் இருந்தால் தண்டத்தோடு விலையில் கழியுங்கள். ஓப்பின் பேப்பரில், அதாவது புக்கில் உள்ளவர் வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து இரண்டு மூன்று கை மாறிய நிலையில் உள்ள கார்கள் வன்னியில் நிறைய. புக்கில் உள்ளவரை நேரே கண்டு, அவரது அடையாள அட்டையைப் பார்த்துக் கையெழுத்து வாங்க முடியாவிட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். அவர் வெளிநாடு போய்விட்டாலோ இறந்துவிட்டாலோ பெயர் மாற்றம் வருடக்கணக்கில் இழுக்கும், அதுவரை உங்களால் விற்கவும் முடியாது.

வாங்கின கிழமை

விற்றவர் நேற்றுத்தான் ஒயில் மாற்றினார் என்றாலும் மாற்றுங்கள். 1என்.இசட் என்ஜினுக்குப் பில்ரரோடு 3.7 லீற்றர், 5டபிள்யூ-30 போதும். கிரவல் ஓட்டத்தில் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை என்று பிடியுங்கள். காற்றுப் பில்ரரை ஒவ்வொரு ஒயில் மாற்றத்திலும் தட்டிப் பார்த்து, கறுத்திருந்தால் மாற்றுங்கள். கொம்பிரசர் காற்றால் உள்ளிருந்து வெளியே ஊதலாம், வெளியிலிருந்து உள்ளே ஊதினால் தூசி என்ஜினுக்குள். ஏசிப் பில்ரர் குளோவ் பொக்ஸுக்குப் பின்னால் இருக்கும், முந்தைய சொந்தக்காரர் அதைத் திறந்தே இருக்கமாட்டார். சி.வி.டி. ஒயிலை 40,000 க்கு ஒருமுறை, கார் கையேட்டில் எழுதிய அதே வகை, மலிவான பொதுவான ஒயில் ஒருபோதும் வேண்டாம். கூலன்ற் முழுக்க வடித்து, காய்ச்சி வடித்த நீர் கலந்த புதுசு.

ரயர் ஆறு ஆண்டு தாண்டியிருந்தால் பூ இருந்தாலும் மாற்றுங்கள். அலியனுக்கு 195/65 ஆர்15, அக்சியோ ஹைபிரிட்டுக்கு 175/65 ஆர்15. அழகுக்காகப் பெரிய வீலும் ஒல்லி ரயரும் போட்டிருந்தால் பழைய அளவுக்கே திரும்புங்கள், கிரவலில் ரிம் நெளிவது ஒல்லி ரயரில்தான். விழுந்த அடிமூடிக் கிளிப்புகளைப் பூட்டி, வீல் எலைன்மென்ட் செய்து, ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பிறகு திரும்பத் தூக்கி ஒயில் கசிவு எங்காவது புதிதாகத் தெரிகிறதா என்று ஒரு தரம் பாருங்கள்.